பிடுங்கிய பல்லும் வலித்த பல்லும்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டே வாருங்கள், அதுவரைக்கும் நான் காத்திருக்கிறேன். இன்றைக்கு உங்களுக்கு ஒரு பல்லின் கதை சொல்லப்போகிறேன். பல்தானே என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கொட்டாவி விடாதீர்கள். இரண்டு வருஷமாக மூடிக் கிடந்த ஒரு விஷயத்தை இந்தப் பல்தான் கிளறிவிட்டது.

போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்காக நாலு வரி. உடன்பிறந்தவர்கள் மூன்று பேர். மூத்தவள் கோர்ட்டில் டைப்பிஸ்ட். சாட்சி என்ன சொன்னாலும் ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் அடிக்கிறவள். அவளுக்கு அடுத்த தம்பி பல் டாக்டர். கடைக்குட்டிக்கு நாற்பத்தோரு வயதாகிவிட்டது, ஆனாலும் எல்லோருக்கும் அவள் குட்டிதான். அண்ணன் கிளினிக்கில் கருவி எடுத்துக்கொடுப்பது, சிமென்ட் குழைப்பது, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது எல்லாம் அவள் வேலை. கிளினிக்குக்குப் பின்னாலேயே இரண்டு அறையில் குடியிருக்கிறாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா ஆஸ்பத்திரியில் மெஷின் மூச்சில் கிடந்தார். இனிமேல் பயன் இல்லை, மெஷினை எடுக்கக் கையெழுத்து வேண்டும் என்று பெரிய டாக்டர் சொன்னார். அக்கா வெளியூரில் ரயில் ஏறிக்கொண்டிருந்தாள். போனில் குட்டியிடம், "நான் வர்ற வரைக்கும் காத்திருக்கச் சொல்லு" என்றாள். போனை வைத்துவிட்டுத் திரும்பிய குட்டியிடம் அண்ணன், "அக்கா என்ன சொன்னா?" என்று கேட்டான்.

"உன் இஷ்டம்னு சொல்லிட்டா" என்றாள் குட்டி.

ஏன் அப்படிச் சொன்னாள்? குழாயைப் பிடுங்கிவிடாமலிருக்க அப்பாவின் இரண்டு மணிக்கட்டையும் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். மூன்று நாளாக அந்தக் கட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் அவள்தான். இன்னொரு நாள் அவளால் பார்க்க முடியவில்லை. அண்ணன் கையெழுத்துப் போட்டான். அக்கா வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்றைக்கு வாயை மூடியவள்தான் தம்பியிடம் திறக்கவே இல்லை. இவளே இஷ்டம் என்று சொல்லிவிட்டு இவளே தண்டிக்கிறாளே என்று தம்பிக்கும் ரோஷம். இருவருக்கும் நடுவில் எந்தச் சேதி போனாலும் குட்டி வழியாகத்தான். அவர்கள் பேசாதவரை அவள் பொய்க்கு ஆபத்தில்லை. ஒரே ஒரு தடவை நேருக்கு நேர் பேசிவிட்டால் போதும், அவள் கதை கந்தல்.

அதுதான் இதுவரைக்கும் நடந்தது. இனி, அக்கா பல்வலியோடு வந்த செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

காலை ரயிலில் இறங்கி நேராக வந்தாள். கையில் ஒரு பை, திரும்பிப் போக ஆறு மணி ரயிலுக்கு டிக்கெட். ஒன்பது நாள் வலியில் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. குட்டிதான் போனில் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்தவள். கிளினிக் வாசலில் அக்கா நின்றாள்.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. என் வாயிலேர்ந்து என்ன வருதோ அதை மட்டும் அவன்கிட்ட சொல்லு. நீயா ஒரு சொல் சேக்கக் கூடாது. எனக்கு எங்க வலிக்குது, எவ்வளவு வலிக்குதுன்னு அவனுக்குத் தெரிய வேண்டாம்."

"வலி தெரியாம டாக்டர் எப்படிக்கா பாக்கறது?"

"பல்லைத்தானே பிடுங்கப்போறான்? பல் தெரிஞ்சா போதும்."

"சரிக்கா" என்று குட்டி வாக்குக் கொடுத்தாள்.

முன்னறையில் ஒரு லாரி டிரைவர் கன்னத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்தார். "நீங்க முதல்ல போங்கம்மா. நீங்க கத்தறதைக் கேட்டுட்டு இருக்கறதா ஓடறதான்னு நான் முடிவு பண்ணிக்கறேன்."

"நான் கத்த மாட்டேன். உக்காருங்க" என்றாள் அக்கா.

உள்ளே தம்பி கையைக் கழுவிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தான். இரண்டு வருஷத்தில் அக்காவின் முன்மயிர் முழுக்க நரைத்துவிட்டது. அவன் துண்டை எடுத்துக் கை துடைத்தான், காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"வந்திருக்கிறவங்களுக்கு எந்தப் பக்கம்னு கேளு குட்டி."

"அக்கா, எந்தப் பக்கம்?"

"கீழ, இடது பக்கம்னு உங்க டாக்டர்கிட்ட சொல்லு."

"சர்க்கரை, பிரஷர் ஏதாவது இருக்கான்னு கேளு."

"ஒண்ணும் கிடையாது. ரெண்டு வருஷமா கோவம் மட்டும்தான்னு சொல்லு."

"கோவத்துக்கு இங்க ஊசி இல்லன்னு சொல்லு."

மூன்றடி தூரத்தில் இருக்கிற இரண்டு பேருக்கு நடுவில் நின்று, காதில் விழுந்ததையே குட்டி திருப்பித் திருப்பிச் சொன்னாள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். தம்பி படத்தை விளக்குக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தான். கடைவாயில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பற்கள். பின்னால் இருப்பதில் சாதாரணமாகப் பார்த்தாலே தெரிகிற ஓட்டை. முன்னால் இருப்பதில் பழைய வெள்ளி அடைப்பு, அதன் அடியில் மங்கலாக ஒரு நிழல். இதுவா அதுவா என்று படம் உறுதியாகச் சொல்லவில்லை.

அந்த வெள்ளி அடைப்பு யார் கைவேலை என்று நினைக்கிறீர்கள்? இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், பல் படிப்பில் அவன் முதல்முதலாக அடைத்த பல் அது. கற்றுக்குட்டியிடம் வாய் கொடுக்க ஒருத்தரும் வரவில்லை. அக்கா அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போய் வாயைத் திறந்தாள். அவன் கை நடுங்கி, வேர்த்து, இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டான். அவள் பாதியில் தூங்கியே போனாள்.

"எந்தப் பல்லுன்னு விரல் வெச்சுக் காட்டச் சொல்லு."

அக்கா கண்ணைத் திறக்காமல் விரலை விட்டு ஓட்டைப் பல்லைத் தொட்டாள். "இதுதான். ஓட்டை இருக்கிற பல்தானே வலிக்கும்? கண்ணாடியில பாத்துட்டுத்தான் வந்திருக்கேன்."

"தட்டிப் பாக்கணும். எதுல வலிக்குதோ கையைத் தூக்கச் சொல்லு."

கண்ணாடிக் கருவியின் பிடியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினான். அவன் தலைமாட்டில் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். எதிர்ப்பக்கம் குட்டி குழாயோடு நின்றிருந்தாள். அவளுக்கு அக்காவின் கால்வரை தெரியும். முதல் பல்லில் ஒன்றுமில்லை. வெள்ளி அடைத்த பல்லில் பிடி பட்டதும் அக்காவின் பத்துக் கால்விரலும் சுருண்டு உள்ளங்காலை இறுக்கின. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. கை எழவில்லை. ஓட்டைப் பல்லில் தட்டினான். கால்விரல்கள் மெதுவாகப் பிரிந்தன.

"எப்படி இருக்குன்னு கேளு."

"எல்லாம் ஒண்ணாத்தான் இருக்குன்னு சொல்லு" என்றாள் அக்கா.

குட்டி அண்ணனைப் பார்த்தாள். "எல்லாம் ஒண்ணாத்தான் இருக்காம்."

அவன் புருவம் சுருங்கியது. "குட்டி, எனக்கு வெள்ளி அடைச்ச பல்லு மேலதான் சந்தேகம். மாத்திரை தரேன், ஒரு வாரம் கழிச்சு மறுபடி வரச் சொல்லு."

"மறுபடி இந்த வாசப்படி ஏற மாட்டேன்னு சொல்லு. நான் காட்டினதைப் பிடுங்கட்டும். இல்லன்னா வேற ஆள்கிட்ட போறேன்."

குட்டிக்கு நாக்கு நுனிவரை வந்தது. அக்கா, அந்த வெள்ளிப் பல்லுல தட்டினப்போ உன் கால் சுருண்டுதே. ஒரே வரி. ஆனால் வாசலில் கொடுத்த வாக்கு ஒன்று இருந்தது. வாக்கு என்று சொல்லிக்கொண்டாளே தவிர, உள்ளே இருந்தது பயம்தான். நான் ஒன்று சொன்னால் அண்ணன் அக்காவை நேராகக் கேட்பான், அக்கா நேராகப் பதில் சொல்வாள், அப்புறம் அந்தப் பேச்சு எங்கே போய் நிற்கும்? அவள் குழாயைச் சரியாகப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள்.

ஊசி போட்டான். பத்து நிமிஷத்தில் அக்காவின் பாதி உதடும் பாதி நாக்கும் மரத்துப்போயின. குறடு பல்லைக் கவ்வியது. அவன் மணிக்கட்டு வெளிப்பக்கம் ஒரு தடவை, உள்பக்கம் ஒரு தடவை, நிதானமாகச் சாய்ந்தது. வலி இருக்காது. ஆனால் சத்தம் இருக்குமே, அது வெளியில் கேட்கிற சத்தமில்லை, மண்டைக்குள்ளேயே நடக்கிற சத்தம். காய்ந்த கிளையை யாரோ முறிப்பது மாதிரி ஒன்று, இன்னொன்று. பல் லேசில் வரவில்லை. அவன் தாடையைத் தாங்கிப் பிடித்த இடது கை வெளுத்தது. வேர்வை அவன் மூக்கு நுனியில் நின்றது, குட்டி பஞ்சால் ஒற்றினாள். வலிக்கிற பல் இவ்வளவு கெட்டியாகவா உட்கார்ந்திருக்கும் என்று அவள் நினைத்தாள்.

கடைசியில் ஒரு சுற்று. ரத்தத்தோடு பல் தட்டில் விழுந்தது. அக்கா பஞ்சைக் கடித்துக்கொண்டு எழுந்து செருப்பை மாட்டினாள். தம்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை. குட்டி அவளைப் பின் அறைக்கு அழைத்துப் போய்ப் படுக்கவைத்தாள்.

திரும்பி வந்தபோது அண்ணன் பிடுங்கிய பல்லைக் கழுவி விளக்குக்கு அடியில் வைத்திருந்தான். ஊசிமுனையை ஓட்டையில் விட்டுப் பார்த்தான். கொஞ்ச தூரம்தான் போயிற்று.

"மேலோட இருந்திருக்கு குட்டி. வேரைப் பாரு, பளிச்சுன்னு இருக்கு. இது வலிச்ச பல் இல்ல."

குட்டி தட்டைத் துடைத்தாள். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள்.

"வெளில இருக்கிறவரை நாளைக்கு வரச் சொல்லிடு."

டிரைவர் கைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார். "அந்தம்மா கத்தவே இல்லையே. அதான் எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே வந்தால் அண்ணன் நோயாளி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். குறடு மடியில் கிடந்தது. "எனக்குத் தோணினதை விட்டுட்டு அவ சொன்னதைச் செஞ்சேன். அப்பா விஷயத்துலயும் இதேதான். ஒரு நாள் காத்திருக்கலாம்னுதான் எனக்குத் தோணிச்சு. அவ இஷ்டம்னு சொன்னா, நான் கையெழுத்துப் போட்டேன்." குறடை எடுத்து ஓரமாக வைத்தான். "இந்தக் கை இனிமே யார் வாயிலயும் போகக் கூடாது குட்டி. சாயங்காலம் வாசல் போர்டைக் கழட்டிடு."

"ஒரு பல்லுக்காகவா அண்ணா?"

"பல்லுக்காக இல்ல."

மூன்று மணிக்கு அக்காவுக்கு மரப்பு விட்டது. குட்டி அறைக்குள் நுழைந்தபோது அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தாள். பிடுங்கிய குழியில் பச்சைப்புண் எரிச்சல். அதற்கு முன்பக்கத்துப் பல்லில், ஒன்பது நாளாகக் குத்திய அதே இடத்தில், அதே குத்தல் ஆடாமல் அசையாமல் இருந்தது.

"வேற பல்லைப் பிடுங்கிட்டான்" என்றாள். பஞ்சுக்குள்ளிருந்து குரல் குழறி வந்தது. "அன்னிக்கு அப்பா. இன்னிக்குப் பல். எடுத்துட்டு அப்புறம் காட்டறதுதான் அவன் வழக்கம். உங்க டாக்டர்கிட்ட போய்ச் சொல்லு. நான் சொன்னபடியே சொல்லு."

குட்டி நகரவில்லை.

கண்ணுகளா, இந்த இடத்தில் அவள் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தலையை ஆட்டிவிட்டு முன்னறைக்குப் போயிருந்தால் போதும். அக்கா ஆறு மணி ரயிலில் போய்விடுவாள், அண்ணன் போர்டைக் கழற்றிவிடுவான், இவள் பொய் இவளோடு பத்திரமாக இருக்கும். இத்தனை நாளும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அங்கே மடியில் குறடோடு உட்கார்ந்திருந்த முகத்தை அவள் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

"அவன் தப்பு இல்லக்கா" என்றாள். "அவன் தட்டினப்போ நான் உன் காலைப் பாத்தேன். வெள்ளிப் பல்லுலதான் உன் விரல் சுருண்டுச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா நின்னேன்."

அக்கா ஆடுவதை நிறுத்தினாள்.

"உனக்கும் தெரியும்தானே?"

அக்கா பஞ்சை எடுத்துப் பார்த்தாள், மடித்து மறுபடி வைத்துக்கொண்டாள்.

"தெரியும். அந்த ஒரு பல்லை மட்டும் என்னால குடுக்க முடியல. ரெண்டும் ஒரே பக்கம்தானே, ஓட்டை இருக்கிறது போனா இதுவும் அடங்கிடும்னு மனசைத் தேத்திக்கிட்டேன். அவன் கைவேலைன்னு எனக்கு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான்."

"அவன் போர்டைக் கழட்டச் சொல்றான்கா. இனிமே குறடு தொட மாட்டானாம்."

அக்கா கட்டிலை விட்டு இறங்கினாள். செருப்பைத் தேடவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, சுவரோரமாக, பின் அறையிலிருந்து கிளினிக் வரைக்கும் நீளமான நடைவழியில் வெறுங்காலோடு நடந்தாள். குட்டி பின்னாலேயே போனாள். நில் அக்கா, நான் போய்ச் சொல்கிறேன் என்று சொல்லலாமா என்று பார்த்தாள். அதற்குள் அக்கா கிளினிக் கதவைத் தள்ளிவிட்டாள்.

தம்பி சட்டென்று எழுந்து நின்றான். அவன் காலி செய்த நாற்காலியில் அக்கா உட்கார்ந்தாள். சாய்ந்தாள். வாயைத் திறந்து விரலை விட்டு வெள்ளி அடைப்பைத் தொட்டாள்.

"இதுதான்டா" என்றாள். "நீ தட்டினப்போ வலிச்சது. நான் சொல்லல."

இரண்டு வருஷம் கழித்து அவனிடம் வந்த முதல் பேச்சு. கையைக் கழுவப் போனான், குழாயைத் திறந்துவிட்டு அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். தோள் இரண்டும் ஒரு தடவை ஏறி இறங்கின. பிறகு வந்து உட்கார்ந்து விளக்கைத் திருப்பினான்.

"பிடுங்க வேண்டாம்கா. அடைச்சதை எடுத்துட்டு உள்ள சுத்தம் பண்றேன். இதையாவது காப்பாத்தப் பாக்கறேன்."

"குறடு தொட மாட்டேன்னியாமே?"

"இதுக்குக் குறடு வேண்டாம்."

"வாயாடி."

மறுபடியும் ஊசி. மறுபடியும் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். கருவிகளை ஒழுங்காக அடுக்கி முடித்த குட்டிக்குச் செய்ய ஒரு வேலையும் மிச்சமில்லை. யாரும் அவளிடம் 'கேளு' என்று சொல்லவில்லை, 'சொல்லு' என்றும் சொல்லவில்லை. வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்துப் போனது. அவள் கதவைப் பார்த்தாள். டிரைவர் போன மாதிரி போய்விடலாம். போகாமல் கருவித் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அக்கா" என்றான் தம்பி, காலி ஊசியைக் கீழே வைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல். "ஒண்ணு கேக்கணும். உன் இஷ்டம்னு நீதானே சொன்ன? அப்புறம் ஏன் என்னை இப்படிப் போட்டு வதைச்ச?"

"எப்ப சொன்னேன்?"

"அப்பாவுக்குக் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி. போன்ல."

அக்கா தலையைத் தூக்கினாள். "நான் அப்படிச் சொல்லலியே."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

குட்டி தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் தட்டை மேஜையில் வைத்தாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் வர்ற வரைக்கும் காத்திருக்கச் சொல்லு" என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "இதுதான் அக்கா சொன்னது. நான்தான் மாத்திச் சொன்னேன். அப்பா கையைக் கட்டிப் போட்டிருந்தாங்க. என்னால முடியல."

இரண்டு வருஷமும் நாலு மாதமும் தாமதமாக, ஒரு எழுத்து கூடாமல் குறையாமல், அந்தச் சேதி போய்ச் சேர்ந்தது.

தம்பி ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். குட்டி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். வலது பக்கத்துக் கன்னம் துடித்தது. இடது பக்கம் ஊசியில் மரத்து, யாருடைய கன்னமோ மாதிரி தொங்கிக் கிடந்தது. எந்தப் பாதியை நம்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை. சுவர்க் கடிகாரத்தில் நாலே கால். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது.

அக்கா குட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல் வாயைத் திறந்தாள். பேசுவதற்கா, பல்லைக் காட்டுவதற்கா என்று அந்த அறையில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

இந்த வாரம் என்னால் இதற்கு மேல் முடியவில்லை கண்ணுகளா, மீதியை அடுத்த வாரம் சொல்கிறேன். நீங்கள் எழுந்து போய் உங்கள் வேலையைப் பாருங்கள். உங்கள் வீட்டில் ஒருத்தர் சொல்லி அனுப்பின சொல் இன்னொருத்தரிடம் அப்படியே போய்ச் சேரட்டும். வலிக்கிற இடத்தைக் காட்ட உங்களுக்கு வெட்கம் வராமல் இருக்கட்டும். கோபித்துக்கொண்டு போனவர்கள் நேரம் இருக்கும்போதே உங்கள் வாசலுக்குத் திரும்பி வரட்டும். பிள்ளை குட்டிகளோடு நோய் நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.